ஓட்டுநர் பக்கத்துக் கதவு

நஜ்மா, தோஹா
12.09.2024

மதிப்பிற்குரிய அண்ணன் அழகுமலை அவர்களுக்கு,

தம்பி வீரபாண்டி எழுதுவது. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. எனக்குச் சர்க்கரை மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகியிருக்கிறது, மற்றபடி குறையில்லை. உங்களுக்கு முதுகுவலி என்று ஊரிலிருந்து சங்கீதா அண்ணி போனில் சொன்னார்கள். இப்போது தேவலையா?

ஒன்பது வருஷம் கழித்து எழுதுகிறேன். நான் கூப்பிட்டால் போன் எடுக்க மாட்டீர்கள் என்பதால் கடிதம். அண்ணியிடம் கெஞ்சித்தான் உங்கள் கம்பெனி பி.ஓ. பாக்ஸ் நம்பர் வாங்கினேன். அவர்களைக் கோபிக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். நான் டிரைவராக இருக்கிற வீட்டில் இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு மோட்டார்ஹோம் வாங்கப் போகிறார்கள். பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது வீட்டம்மா உம்மு ஹானிக்கு இனிமேல் முடியாதாம், முழங்கால் வலி. ஃபுல்லி இன்டெக்ரேட்டட் என்று ஒரு வகை, செமி என்று ஒரு வகை, இரண்டில் எது வாங்குவது என்று வீட்டில் தினமும் பேச்சு. மகன் ஈசா ஒன்று சொல்கிறான், வீட்டு முதலாளி பாபா ஒன்று சொல்கிறார். நேற்று பாபா என்னைக் கூப்பிட்டு, “வீரா, துபாயில் உன் அண்ணன் இதே தொழிலில் முஹந்திஸ், இன்ஜினியர் என்று ஒரு தடவை சொன்னாயே, அவரைக் கேள்” என்றார். நான் சொன்னதை அவர் ஞாபகம் வைத்திருக்கிறார்.

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். வண்டி வந்தால் ஓட்டுவது நானாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

வணக்கத்துடன்,
வீரபாண்டி

(விலாசம்: மே/பா இராஜரத்தினம், டைப்பிங் கடை, நஜ்மா.)


அல் குசைஸ், துபாய்
30.09.2024

வீரபாண்டிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதுகு அதன் இடத்தில் இருக்கிறது, வலியும் அதன் இடத்தில் இருக்கிறது. உன் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருப்பார்கள், நட.

உன் பாபா கேட்டதால் பதில் எழுதுகிறேன். நீ கேட்டிருந்தால் எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம். பாஸ்போர்ட்டைக் கம்பெனியிடமிருந்து பிடுங்கி, திருவனந்தபுரத்தில் இறங்கி, டாக்ஸிக்காரனை விரட்டிக்கொண்டு ஊர் எல்லைக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. லீவில் ஊரில் இருந்த நீ, இரண்டு மணிக்கே அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டாய். மூத்தவன் வழியில் இருக்கிறான் என்று தெரிந்தே வைத்தாய். மூன்றரை மணி நேரம். இதற்கு நீ காரணம் எழுத வேண்டாம். வெயில், ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை, ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள், எல்லாம் எனக்குத் தெரியும்.

இனி வண்டி. செமி என்பது ஒரு சாதாரண வேனின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முதுகில் ஒரு வீட்டை ஒட்டுவது. ஓட்டுநர் இடம் தாழ்ந்தும் குறுகியும் இருக்கும், இரு பக்கமும் வேனின் பழைய தகரக் கதவுகள். அந்தத் தகரம் வழியாக வெயில் உள்ளே வரும், ஏ.சி. வெளியே போகும். முழு வண்டி அப்படியல்ல. சேஸை, அதாவது அடிச்சட்டத்தை மட்டும் வாங்கி, முகப்புக் கண்ணாடியிலிருந்து வால் வரை ஒரே உடலாகக் கட்டுவார்கள். ஓட்டுநர் இருக்கை கூடத்துக்குள்ளேயே இருக்கும், நிறுத்திய பிறகு அதைத் திருப்பினால் சோபா. அதற்கு மேலே கூரையிலிருந்து ஒரு கட்டில் இறங்கும். பெரும்பாலானவற்றில் ஓட்டுநருக்குத் தனிக் கதவே கிடையாது, எல்லோருக்கும் ஒரே வாசல். முகப்புக் கண்ணாடி உடைந்தால் ஜெர்மனியிலிருந்து வர மூன்று மாதம் ஆகும், அது ஒன்றுதான் குறை.

ஒன்று வீடு. மற்றொன்று முதுகில் மூட்டை கட்டிய வேன். வசதி இருப்பவர் முழு வண்டியை வாங்க வேண்டும்.

இதே கருத்தை எங்கள் ஷோரூமில் சொன்னால், எனக்கு ஒன்பது வருடம் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கே மேலாளராகிவிட்ட தாரிணி என்பவள், “சார், கஸ்டமர் எதைக் கேட்கிறாரோ அதைக் காட்டுங்கள், போதும்” என்பாள். உன் பாபா ஒருவராவது கேட்டாரே.

அழகுமலை


நஜ்மா, தோஹா
18.10.2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தினமும் கார்னிஷ் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நடக்கிறேன், நீங்கள் சொன்னபடி. உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க அங்கே யாரும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா விஷயம் எழுதியிருந்தீர்கள். படித்தேன்.

வண்டி பற்றி நீங்கள் எழுதியதை இராஜரத்தினம் அண்ணரிடம் காட்டினேன், இரண்டு தடவை வாசித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த டைப்பிங் கடை வைத்திருக்கிறார். “உங்கட அண்ணர் வடிவா எழுதுறார் கண்டியளோ. ஆனா ஒரு இடத்திலயும் மனுசன் சிரிக்கேல்லை” என்றார்.

ஒரு சந்தேகம். முழு வண்டியில் டிரைவர் சீட் ஹாலுக்குள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டுக்கு நான் வந்து பதினான்கு வருஷம். இவர்கள் வீட்டு ஹாலில் ஒரு நாளும் நான் கால் வைத்ததில்லை. சமையலறைக் கதவோடு சரி. அது மரியாதைக் குறைவு இல்லை, உள்ளே பெண்கள் இருக்கிற இடம், அவ்வளவுதான். செமியில் டிரைவர் பக்கம் தனிக் கதவு இருக்கும், நடுவில் பலகைத் தடுப்பும் போட முடியும் என்று ஈசா காட்டிய வீடியோவில் பார்த்தேன். அந்த வகையைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத முடியுமா?

பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்டார்கள். கடைசிப் பெண்ணும் போன மாதம் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். ஸ்கூல் டூட்டி, மார்க்கெட் டூட்டி எல்லாம் போய்விட்டது. குளிர்காலத்தில் இவர்களைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போவது ஒன்றுதான் இப்போது எனக்கு மிச்சம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
வீரபாண்டி


அல் குசைஸ், துபாய்
04.11.2024

வீரபாண்டிக்கு,

ஒத்தடம் கொடுக்க ஆள் தேவையில்லை. மின்சாரப் பை விற்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் மேசையில் மூடி வைத்தேன். எழுதினால் கடுமையாக எழுதிவிடுவேன் என்று. இப்போது எழுதுகிறேன், கடுமையாகவே.

தாழ்ந்த பொருளை உயர்ந்தது என்று எழுதிக் கொடு என்கிறாய். இதைத்தான் என்னிடம் இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டும், சார் ஒரு நல்ல வார்த்தை போடுங்கள் என்று. போடாததால்தான் ஐம்பத்து நான்கு வயதில் இன்னும் அதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். தனிக் கதவு வேண்டுமாம். எதற்கு? இறங்கிப் போய் டீ குடிக்கவா? வாசல்படியோரமாகவே நின்று பழகியவனுக்கு வீட்டின் நடுவில் உட்காரக் கூச்சமாகத்தான் இருக்கும். பழகிக்கொள்.

இத்துடன் உன் பாபாவுக்கே நேரடியாக இரண்டு பக்க அறிக்கை வைத்திருக்கிறேன், ஆங்கிலத்தில், கம்பெனி முத்திரையுடன். வெப்பத் தடுப்பு, எடைப் பங்கீடு, கட்டில் அளவு, எல்லாம் எண்களோடு இருக்கிறது. முடிவு ஒரு வரியில்: முழு வண்டி. இதை அப்படியே கொடு. நடுவில் நீ எதையும் சேர்த்துச் சொல்லாதே.

மாத்திரையை விடாதே.

அழகுமலை


நஜ்மா, தோஹா
01.12.2024

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி பிடித்திருந்தது, போய்விட்டது. அங்கே மழை என்று செய்தியில் காட்டினார்கள், உங்கள் ரூமில் தண்ணீர் வரவில்லையே?

உங்கள் அறிக்கையைக் கொடுத்தேன். நீங்கள் சொன்னபடி எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. ஈசா உரக்கப் படித்து அரபியில் சொன்னான். பாபா முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ், வீரா, உன் அண்ணன் இவ்வளவு பெரிய ஆளா” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. சமையலறையில் வேலை செய்கிற ஜொஹரா அக்காவிடம்கூடச் சொன்னேன். அவள், “அப்ப நீ ஏன் பாய், டிரைவரா இருக்க?” என்றாள்.

முழு வண்டிதான் முடிவு. உங்கள் கம்பெனியிலேயே புக் செய்துவிட்டார்கள். ஜனவரி எட்டாம் தேதி டெலிவரி. ராஸ் அல் கைமாவில் இவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது. எல்லோரும் காரில் வந்து கல்யாணம் பார்த்துவிட்டு, அங்கிருந்து உங்கள் யார்டுக்கு வந்து வண்டியை எடுத்துப் போவதாகத் திட்டம். நானும் வருவேன்.

ஈசாவுக்குப் பெரிய வண்டி ஓட்டப் பழக்கிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு லாரியை வாடகைக்கு எடுத்து, காலி மைதானத்தில். நன்றாகப் பிடித்துக்கொள்கிறான்.

தம்பி,
வீரபாண்டி


அல் குசைஸ், துபாய்
14.12.2024

வீரபாண்டிக்கு,

மழைத் தண்ணீர் என் மாடிக்கு வராது. கீழே நின்றவர்கள் கஷ்டப்பட்டார்கள்.

எட்டாம் தேதி எனக்கு டூட்டி இருக்கிறது, ஆகையால் யார்டில் இருப்பேன். உன்னைப் பார்க்க இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டப்போகிறவர் என்னோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டும், அது கம்பெனி விதி. லைசென்ஸ் எடுத்து வா. கண்ணாடி போடுகிறாயென்றால் அதையும்.

உன் பாபா முத்திரையைத் தடவிப் பார்த்தாரா? வேறென்ன சொன்னார்? எடைப் பங்கீடு பற்றிய பத்தியைப் புரிந்துகொண்டார்களா? அதை எழுத எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

நீ இப்போதும் காபிக்குச் சர்க்கரை போடுகிறாயா? எட்டாம் தேதிக்காகக் கேட்கிறேன்.

அழகுமலை


அல் குசைஸ், துபாய்
10.01.2025

தம்பி வீரபாண்டிக்கு,

தோஹா போய்ச் சேர்ந்திருப்பாய். நேற்றிலிருந்து உன்னை நான் ஐந்து தடவை போனில் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

முந்தாநாள் நடந்ததை உனக்கே எழுதுவது வேடிக்கையாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், நான் அதை எப்போது புரிந்துகொண்டேன் என்று நீ தெரிந்துகொள்வதற்காக.

உங்கள் கார் வந்து நின்றது. நீ இறங்கினாய். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நான் உன்னைப் பார்த்து, “வா” என்று ஒரு சொல் சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு அந்த ஒரு சொல். உம்மு ஹானியும் பெண்களும் வண்டிக்குள் ஏறினார்கள், பாபாவும் ஈசாவும் ஏறினார்கள். நான் உள்ளே நின்று கட்டிலை இறக்கிக் காட்டினேன், இருக்கையைத் திருப்பிக் காட்டினேன், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, எல்லாம். நன்றாகத்தான் பேசினேன். பதினேழு வருடம் பேசியது. அப்புறம் கூடத்தின் நடுவிலிருந்து, “டிரைவர் எங்கே, டிரைவர் வந்து உட்காரட்டும்” என்று கேட்டேன். ஈசா கையைத் தூக்கினான்.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். நீ பத்தடி தள்ளி, வேலியோரம், வெயிலில் நின்றிருந்தாய்.

“ஏறி வாடா, வந்து பாரு” என்றேன்.

“இல்லண்ணே, உள்ள பொம்பளைங்க இருக்காங்க.”

“நீதானே ஓட்டப்போற?”

“அவன் ஓட்டுவான்ணே. நான் காரை எடுத்துட்டுப் பின்னாலயே வந்துருவேன்.”

“பின்னால எதுக்கு?”

“லக்கேஜ் இருக்குல்ல” என்றாய். சிரித்தாய். உள்ளேயிருந்து ஈசா, “யல்லா, முஹந்திஸ்” என்று அவசரப்படுத்தினான். நான் உள்ளே போய் அவனுக்கு இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினேன். அந்த இரண்டு மணி நேரமும் நீ வெளியில் நின்றாய். உனக்காக ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காபியைக் கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு வண்டி கேட்டைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஓட்டுநர் இருக்கை கூடத்துக்குள் இருக்கிறது என்று உனக்கு எழுதியவன் நான். அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை என்று நீ பதில் எழுதினாய். படித்தேன். பதினேழு வருடத்தில் வண்டியின் எடை, நீளம், கண்ணாடியின் கனம் எல்லாம் கேட்டிருக்கிறேன். யார் வீட்டு ஆள் ஓட்டுகிறான், அவன் எங்கே உட்காருவான் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

உண்மையை எழுது. உன் வேலை என்ன ஆயிற்று?

அண்ணன்


நஜ்மா, தோஹா
29.01.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். சவூதி எல்லையில் நாலு மணி நேரம். ஈசா நன்றாக ஓட்டினான், வளைவுகளில் மட்டும் கொஞ்சம் அவசரம். பின்னாலிருந்து வண்டியைப் பார்க்க அழகாக இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தால் பின் கண்ணாடியில் பிள்ளைகள் தலை தெரியும்.

போன் எடுக்காததற்கு மன்னிக்கவும். பேசினால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன். எழுதுவதென்றால் யோசித்து எழுதலாம்.

என்னைக் கேன்சல் செய்கிறார்கள், விசாவை முடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். பிப்ரவரி இருபதாம் தேதி டிக்கெட். பாபா நல்லவர், அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம். “வீரா, நீ இந்த வீட்டுப் பிள்ளை. ஆனால் இனி உனக்கு என்ன வேலை கொடுப்பேன், நீயே சொல்” என்றார். அவர் சொல்வதும் சரிதான். கார் ஓட்ட இனி ஆள் வேண்டாம், மோட்டார்ஹோம் ஓட்ட மகன் இருக்கிறான்.

இது இப்படித்தான் முடியும் என்று செப்டம்பரிலேயே தெரியும். செமி வாங்கினால் நான் இருப்பேன், முழு வண்டி வாங்கினால் போவேன். உம்மு ஹானியே ஜொஹரா அக்காவிடம் அப்படித்தான் சொன்னார்களாம். முதல் கடிதத்திலேயே உங்களிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, நீங்கள் முடியாது என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் நீங்கள் முடியாது என்று சொன்னதாக ஆகாது. அப்படி நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அறிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை அண்ணே. வண்டி உண்மையிலேயே நல்ல வண்டி.

சர்க்கரை குறைந்திருக்கிறது.

தம்பி,
வீரபாண்டி


அல் குசைஸ், துபாய்
06.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

சர்க்கரை குறைந்தது நல்ல சேதி. என் முதுகைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்த அன்றே உன் பாபாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் அறிக்கை முழுமையானதல்ல, ஓட்டுநரின் இடத்தை நான் கணக்கில் எடுக்கத் தவறிவிட்டேன், முன் இருக்கைகளுக்குப் பின்னால் இழுத்து மூடும் தடுப்பு ஒன்றும், ஓட்டுநர் பக்கம் ஒரு கதவும் எங்கள் யார்டிலேயே இரண்டு வாரத்தில் வைத்துத் தருகிறேன் என்று. வரைபடமும் இணைத்தேன். மறுநாளே பதில் வந்தது. மிகுந்த மரியாதையான பதில். நான் எழுதியது எல்லாம் மிகச் சரி என்றும், குடும்பம் ஒரே கூடத்தில் சேர்ந்து போவதைப் போன்ற சந்தோஷம் இல்லை என்றும், அதில் எதையும் மாற்ற மனமில்லை என்றும். கூடவே ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வந்திருக்கிறது.

பதினேழு வருடத்தில் என் அறிக்கையை வரிக்கு வரி ஏற்றுக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் உன் பாபாதான்.

இன்னொன்றும் செய்தேன். தாரிணியிடம் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் அவர் கூப்பிடாமல் நானாக அவர் அறைக்குப் போனது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு டெலிவரி டிரைவர் ஒருவர் தேவை, என் தம்பிக்கு வளைகுடா லைசென்ஸ் இருக்கிறது என்றேன். “உங்களுக்குத் தம்பி இருக்காரா சார்?” என்று கேட்டார். பிறகு, “வரச் சொல்லுங்க, விசா பார்த்துக்கலாம்” என்றார். அவ்வளவுதான். இவ்வளவு நாள் இவரிடம் எதற்கு முறைத்துக்கொண்டிருந்தேன் என்று படியிறங்கும்போது யோசித்தேன். காரணங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தன.

என் அறையில் இரண்டாவது கட்டில் போட இடம் இருக்கிறது. உன் பாஸ்போர்ட் பிரதியை அனுப்பு.

அண்ணன்


கமுதி
11.03.2025

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

ஊருக்கு வந்து மூன்று வாரம். ராக்கம்மாவும் பிள்ளைகளும் சுகம். நான் இருந்தால் சமையலறையில் இடிக்கிறது என்கிறாள். பதினான்கு வருஷமாகப் பெரிய வீட்டுச் சமையலறைக் கதவில் நின்ற பழக்கம், அங்கேயேதான் போய் நிற்கிறேன்.

உங்கள் கடிதம் நான் கிளம்புகிற அன்று காலையில்தான் வந்தது. இராஜரத்தினம் அண்ணர் கடையைத் திறந்துபோட்டுவிட்டு, நான் காருக்குக் காத்திருந்த இடத்துக்கு ஓடி வந்து கொடுத்தார். “அண்ணர் இந்த முறை கொஞ்சம் சிரிச்சிருக்கிறார் போல, வாசிச்சுப் பாரும்” என்றார். விமானத்தில் நாலு தடவை படித்தேன்.

தாரிணி மேடத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் நான் வரவில்லை. கோபத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், கோபம் இல்லை. உங்கள் யார்டுக்கு நான் வேலைக்கு வந்தால் நீங்கள் பெரியவர், நான் டிரைவர். வண்டியை நீங்கள் உள்ளே விளக்குவீர்கள், நான் வெளியே சாவியோடு நிற்பேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் நின்றேன். வேறு யாருடைய யார்டிலும் எத்தனை மணி நேரமும் நிற்பேன், பழக்கம்தான். அங்கே நின்றது காலில் இன்னும் இருக்கிறது.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டக் கேட்டிருக்கிறார்கள். போவேன் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு லீவு எப்போது? வந்தால் இரண்டு நாள் நம் வீட்டில் தங்குங்கள். எனக்கு எதையும் விளக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

தம்பி,
வீரபாண்டி


அல் குசைஸ், துபாய்
02.04.2025

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பேரீச்சம்பழத்தைத் திறக்காமல் வைத்திருந்தேன், நேற்று அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

நீ எழுதியதைப் படித்தேன். பதிலுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் நீளமாக இருந்தன, இரண்டிலும் நான் எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன், கிழித்துவிட்டேன். டிரைவர் வேலைக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். லீவு பற்றிக் கேட்டிருந்தாய். படிவம் மேசையில் இருக்கிறது. தேதி இன்னும் போடவில்லை.

இன்று ராஸ் அல் கைமாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழு வண்டியா செமியா என்று கேட்டார். ஒரு வண்டிக்குள் உட்கார வைத்து, யார் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். நான்தான் என்றார். வீட்டுப் பெண்கள் வருவார்களா என்றேன். மாஃபி, யாரும் இல்லை என்றார். பிள்ளைகள், தம்பி, வேலைக்காரர்? அதற்கும் மாஃபி என்றார். பின்னால் இன்னொரு கார் வருமா என்று கேட்டதற்கு, யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டு முகப்புக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு முழு வண்டிதான் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

அண்ணன்,
அழகுமலை